எல்லாரும் எல்லாரோடும் மோதாத கான்ஃபரன்ஸில் சாம்பியன் யார்?

சோளக்காட்டான்:

1995-ல் முதுகலை படிக்க நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் வந்து இறங்கினேன். அந்த நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, அறைத்தோழன் என்னை மெமோரியல் ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும். 37-0 என்று ஜெயித்தோம். எனக்கு விதி ஒன்றும் புரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் மட்டும் களத்தைப் பார்த்ததைவிட 1971 ஆட்டத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஓக்லஹோமாவின் ஊரான நார்மனில் 35-31 என்று ஜெயித்தோம், ஜானி ராட்ஜர்ஸ் பந்தை வாங்கி 72 யார்டு ஓடினான் என்று நேற்று நடந்தது போலச் சொன்னார். அன்றிலிருந்து இந்த விளையாட்டு என் விளையாட்டு.

அந்த ஆட்டம் 1928 முதல் 1997 வரை ஆண்டு தவறாமல் நடந்தது. 1996-ல் எங்கள் கான்ஃபரன்ஸான (தங்களுக்குள் ஆடிப் பட்டம் கொடுக்கும் கல்லூரிகளின் கூட்டு) பிக் எய்ட்டின் எட்டு அணிகளும் டெக்சாஸிலிருந்து நான்கு அணிகளும் சேர்ந்து பிக் 12 ஆனது. ஆறு ஆறாக இரண்டு டிவிஷன். நாங்கள் வடக்கு, ஓக்லஹோமா தெற்கு. சொந்த டிவிஷனில் ஐந்து ஆட்டம், அடுத்த டிவிஷனில் மூன்று. ஆகவே இரண்டு வருடம் மோதல், இரண்டு வருடம் கிடையாது. 1998-ல் ஓக்லஹோமா ஆட்டமே இல்லை. யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. அட்டவணையில் இடமில்லை, அவ்வளவுதான்.

2011-ல் நாங்கள் பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனோம். இப்போது தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அயோவாவோடு ஆடுகிறோம், நல்ல ஆட்டம்தான். ஆனால் பிக் டென்னில் இன்று 18 அணிகள். ஒரு அணிக்கு ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம். அதாவது ஒவ்வொரு வருடமும் எட்டு அணிகளின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். மற்ற பெரிய கான்ஃபரன்ஸ்களும் இப்படித்தான்: தென்கிழக்கின் எஸ்.இ.சி. 16, பிக் 12 பெயருக்கு 12, உள்ளே 16. அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி. 17. இன்னும் பெருக்கலாமா என்ற பேச்சு வேறு ஓயாமல் அடிபடுகிறது.

என் கேள்வி நேரடியானது. பாதிப் பேரோடு மோதாமலே ஒருவர் முதலிடம் பிடிக்கலாம் என்றால் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு? என் கட்சி: கான்ஃபரன்ஸ் என்பதே அட்டவணைதான். வருடா வருடம் யாரோடு ஆடுகிறோமோ அவர்கள்தான் நம் கான்ஃபரன்ஸ். மற்றதெல்லாம் ஒரே டிவி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஆஸ்டின் செல்வி:

அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு ஆட்டத்தைத் திருப்பித் தந்ததே விரிவாக்கம்தான்.

நான் ஆஸ்டினுக்கு வந்தது 2012-ல். அதற்கு முந்தைய தேங்க்ஸ்கிவிங் இரவில்தான் டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்டு எம்மும் கடைசியாக ஆடியிருந்தன. டெக்சாஸின் ஜஸ்டின் டக்கர் கடைசி நொடியில் உதைத்து 27-25 என்று ஜெயிக்கவைத்தார். அப்புறம் ஏ அண்டு எம் எஸ்.இ.சி.க்குப் போய்விட்டது. 13 வருடம் அலுவலகத்தில் இரண்டு கல்லூரிக்காரர்களும் அந்த ஒரு உதையைப் பற்றியே பேசுவார்கள். புதிதாகப் பேச எதுவும் நடக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இரண்டு ஊர்கள்!

2024-ல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.யில் சேர்ந்தன. அந்த நவம்பர் 30 இரவு நான் ஏ அண்டு எம்மின் ஊரான காலேஜ் ஸ்டேஷனில், அவர்களுடைய கைல் ஃபீல்டு மைதானத்தில் இருந்தேன். ஒரு லட்சம் பேருக்கு மேல். டெக்சாஸ் 17-7. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தார். அவர் எந்தக் கட்சி என்றுகூட எனக்குத் தெரியாது.

2026 முதல் எஸ்.இ.சி. ஒன்பது ஆட்டத்துக்கு மாறுகிறது. ஒவ்வொரு அணிக்கும் நிரந்தர எதிரிகள் மூவர். எங்கள் டெக்சாஸுக்கு ஓக்லஹோமா, ஏ அண்டு எம், ஆர்கன்சாஸ். மூன்றும் என் அலுவலகத்துப் பெரியவர்கள் இளவயதில் பார்த்த ஆட்டங்கள். ஆர்கன்சாஸ் 1991-ல் பழைய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸை விட்டுக் கிளம்பியபோது போனதும் இப்போது திரும்பிவிட்டது. இதை இழப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

சோளக்காட்டான்:

செல்வி, அந்த ஆட்டம் திரும்பியதில் எனக்கும் சந்தோஷம், முழுவதும் பார்த்தேன். ஆனால் 2011-ல் அதைப் பிரித்தது எது? அதே விரிவாக்கம். உங்களுக்கு ஏ அண்டு எம் கிடைத்த அதே வருடம் ஓக்லஹோமா – ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம் நின்றது. 2023 நவம்பரில் ஸ்டில்வாட்டரில் 27-24, அதோடு சரி. ஒரே மாநிலத்துப் பங்காளிகள். ஒரு வீட்டில் விளக்கேற்ற இன்னொரு வீட்டு விளக்கை அணைத்தார்கள்.

கணக்கன்:

இரண்டு பேரும் எண்ணிக்கையைத் திட்டுகிறீர்கள் அல்லது புகழ்கிறீர்கள். எண்ணிக்கையும் முக்கியம்தான், ஆனால் ஆட்டங்களை எப்படிப் பங்கிடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்து அணிகள் இருந்தால் 45 ஜோடிகள். ஆளுக்கு ஒன்பது ஆட்டம் என்றால் 45 ஆட்டங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடியாயிற்று. மேற்குக் கரையின் பழைய பேக்-10 கான்ஃபரன்ஸ் 2006 முதல் 2010 வரை இப்படித்தான் நடந்தது. பிக் 12-ல் பத்தே பேர் இருந்த 2011 முதல் 2022 வரையிலும் இதுதான் ஏற்பாடு.

இப்போதைய பிக் டென்னில் 18 அணிகள், 153 ஜோடிகள். நடப்பது 81 ஆட்டங்கள். பாதிக்குச் சற்று மேல். 2026 எஸ்.இ.சி.யில் 120 ஜோடிகளுக்கு 72 ஆட்டங்கள், 60 சதவீதம்.

இனி ஆச்சரியமான இடம். 2012 முதல் 2023 வரை எஸ்.இ.சி.யில் 14 அணிகள், 2020 கோவிட் வருடம் நீங்கலாக ஆளுக்கு எட்டு ஆட்டம். 91 ஜோடிகளுக்கு 56, கிட்டத்தட்ட 62 சதவீதம். சதவீதத்தில் 2026-ஐவிடக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் அந்த 12 வருடத்தில் ஜார்ஜியா ஒரு தடவைகூட காலேஜ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை! ஒரே கான்ஃபரன்ஸ்! ஏன்? டிவிஷனுக்குள் ஆறு, எதிர் டிவிஷனில் நிரந்தரமாக ஒன்று, சுழற்சியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவரை ஆறு வருடத்துக்கு ஒருமுறை சந்திக்கலாம், அவர் ஊருக்குப் போக 12 வருடம்.

இப்போது டிவிஷன் இல்லை. 15 எதிரிகளில் மூவர் நிரந்தரம். மிச்சம் 12. இந்த வருடம் ஆறு, அடுத்த வருடம் ஆறு. நான்கு வருடத்தில் எல்லார் ஊருக்கும் போய்வந்துவிடலாம். 16-க்கு இந்தக் கணக்கு அவ்வளவு அழகாக உட்காருகிறது. ஆகவே சோளக்காட்டான் அண்ணன் இழந்த ஓக்லஹோமா ஆட்டத்துக்குக் காரணம் 12 என்ற எண் இல்லை. எதிர் டிவிஷனில் ஒரு நிரந்தர எதிரியை வைத்துக்கொள்ளலாம் என்று அன்று பிக் 12 விதி எழுதியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

17 மட்டும் கொடுமை. ஏ.சி.சி.யும் ஒன்பதுக்கு மாறுவதாகச் சொல்லிவிட்டது. 17-ஐ 9-ஆல் பெருக்கினால் 153. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி வேண்டும், ஒற்றைப்படையைப் பாதியாக்க முடியாது. அதனால் எந்த வருடத்திலும் குறைந்தது ஒரு அணியாவது எட்டோடு நின்றே ஆக வேண்டும். ஒரே பட்டியலில் சிலருக்கு ஒன்பது, சிலருக்கு எட்டு. இதை எந்த மேலாளராலும் பேசிச் சரிக்கட்ட முடியாது.

நியூ ஜெர்சி பாபு:

நான் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் கல்லூரிக் கட்சி. எங்களைப் பற்றி எல்லாரும் பேசுவதுதான், பிக் டென்னில் உங்களுக்கு என்ன வேலை என்று. கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் எங்கள் நியூ பிரன்ஸ்விக்கில் நடந்தது, 1869 நவம்பர் 6, பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்தோம். அப்படிப்பட்ட கல்லூரி ஃபுட்பாலுக்கென்று ஒரு கான்ஃபரன்ஸில் நிலையாக உட்கார்ந்ததே 1991-ல், பிக் ஈஸ்ட்டில். அது உடைந்தது. 2014-ல் பிக் டென் கதவைத் திறந்தது.

பழைய மரபு பழைய மரபு என்கிறீர்கள். அந்த மரபுக்குள் இருந்தவர்களுக்கு அது சொந்தம். வெளியே நின்றவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் "யாராவது எங்களோடு ஆடுங்களேன்" என்று கேட்க வேண்டியிருந்தது. இப்போது என் பையன் ஒஹையோ ஸ்டேட்டையும் மிச்சிகனையும் எங்கள் ஊரிலேயே பார்த்து வளர்கிறான். 2024 செப்டம்பரில் வாஷிங்டன் இங்கே வந்தது. முந்தைய சீசனில் தேசிய இறுதிப் போட்டி ஆடிய அணி. வெள்ளிக்கிழமை ராத்திரி 21-18 என்று ஜெயித்தோம். பையனுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது.

விலையும் உண்டு, மறைக்க மாட்டேன். அடுத்த மாதம் நாங்கள் யூ.எஸ்.சி.யோடு ஆட லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனோம். அதுவும் வெள்ளிக்கிழமை, எங்கள் நேரப்படி இரவு 11 மணிக்குத்தான் ஆட்டம் ஆரம்பம். பையன் இரண்டாம் கால் பகுதியில் தூங்கிவிட்டான். காலையில் எழுந்து 42-20 என்று தோற்றதைத் தெரிந்துகொண்டான்.

புல்மன் ரவி:

பாபு, உங்கள் பையனுக்காகச் சந்தோஷப்படுகிறேன். நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவன்.

வாஷிங்டன் ஸ்டேட்டில் படித்தேன், இப்போதும் புல்மனில்தான் இருக்கிறேன். கோதுமை வயல் நடுவே ஒரு சின்ன ஊர். 2022 ஜூன் 30 அன்று எங்கள் பேக்-12 கான்ஃபரன்ஸை (கணக்கன் சொன்ன பேக்-10-தான் வளர்ந்து இப்படி ஆனது) விட்டு லாஸ் ஏஞ்சலிஸின் யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.யும் கிளம்பின. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும். 1915-லிருந்து தொடர்ச்சி சொல்லிக்கொண்ட கான்ஃபரன்ஸில் நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சினோம்.

கணக்கன் ஐயா அணிகளை எண்ணினார். இரண்டு அணி உள்ள கான்ஃபரன்ஸுக்கு எப்படி அட்டவணை போடுவது என்று சொல்லட்டும். 2024-ல் மவுண்டன் வெஸ்ட் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் அணிகளோடு காசு கொடுத்து ஆறு ஆட்டம் வாங்கினோம். 2025-ல் அந்த ஏற்பாடும் இல்லை. நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டும் ஒரே மாதத்தில் இரண்டு தடவை மோதிக்கொண்டோம், அவர்கள் ஊரில் ஒன்று, எங்கள் ஊரில் ஒன்று. 2026-ல் பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் என்று புது ஆட்கள் சேர்ந்து எட்டு அணிகளாக எழுந்து நிற்கப்போகிறோம்.

எனக்கு வலிப்பது ஆப்பிள் கோப்பை. வாஷிங்டனோடு எங்கள் ஆட்டம். நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் வாரம், சில வருடம் பனி கொட்டும். அந்த ஆட்டத்துக்குத்தான் சீசன் முழுக்கக் காத்திருப்போம். அவர்கள் பிக் டென்னுக்குப் போனபின் நவம்பரில் இடமில்லை, செப்டம்பருக்கு நகர்த்திவிட்டார்கள். 2024 செப்டம்பர் 14, அவர்கள் ஊரான சியாட்டிலில் 24-19 என்று ஜெயித்தோம். கோல் கோட்டருகே கடைசியில் அவர்களைத் தடுத்து நிறுத்திய ஜெயிப்பு. ஊரே கூத்தாடியது. ஆனால் அது சீசனின் மூன்றாவது ஆட்டம். அடுத்த வாரம் வேறு ஒருவர். இதை முன்பு வருடக் கடைசியில் ஜெயித்தால் அடுத்த நவம்பர் வரை அதை வைத்துக்கொண்டு வாழலாம்.

ஆட்டம் நின்றுபோகவில்லையே என்று ஆறுதல் சொல்வார்கள். தேதி மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது.

ஆஸ்டின் செல்வி:

ரவி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் பொற்காலம் என்று ஒன்றைக் கட்டி எழுப்புகிறோம், அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2014-ஐ நினைத்துப் பாருங்கள். பிக் 12-ல் பத்து அணிகள், ஒன்பது ஆட்டம், யாரும் யாரையும் தப்பிக்க முடியாது. "ஒரே உண்மையான சாம்பியன்" என்று விளம்பரமே செய்தார்கள். பேய்லர், டி.சி.யூ. இரண்டு கல்லூரிகளும் 11-1, அதாவது பதினொரு வெற்றி, ஒரு தோல்வி. பேய்லர் டி.சி.யூ.வை 61-58 என்று நேரடியாக ஜெயித்தும் இருந்தது. கான்ஃபரன்ஸ் இருவரையும் கூட்டுச் சாம்பியன் என்றது. தேசியப் பட்டத்துக்காக நான்கு பேர் ஆடும் பிளே-ஆஃபுக்கு இரண்டு பேரையும் எடுக்கவில்லை. ஒஹையோ ஸ்டேட் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் விஸ்கான்சினை 59-0 என்று அடித்துவிட்டு உள்ளே போனது. எல்லாரோடும் ஆடிய அந்தக் கான்ஃபரன்ஸ் 2017-ல் தானும் ஒரு இறுதிப் போட்டியைச் சேர்த்துக்கொண்டது. அண்ணன் கேட்கும் நேர்மையான அட்டவணை அன்று இருந்தது. அதற்குக் கிடைத்த பரிசு அது.

நியூ ஜெர்சி பாபு:

அதோடு பணத்தின் ஆரம்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரும், யார் எத்தனை தடவை வரலாம் என்பதெல்லாம் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. வழக்குப் போட்டவர்கள் ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும். உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று ஜெயித்தார்கள். கொலராடோவில் ஃபுட்பால் ஆடிய நீதிபதி பைரன் ஒயிட், எதிர்த்த இருவரில் ஒருவர். அதன்பின் டிவி உரிமையை விற்பது மெல்ல மெல்லக் கான்ஃபரன்ஸின் வேலை ஆனது. அதிக ஊர்கள், அதிக வீடுகள், அதிக விலை. 2022-ல் பிக் டென் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது அந்தப் பாதையில்தான். இனி பத்து அணிக்குத் திரும்புவோம் என்றால் அந்தப் பணத்தை யார் விடுவார்? அந்தப் பணத்தில்தான் எங்கள் கல்லூரியில் மல்யுத்தமும் ரோயிங்கும் நடக்கின்றன.

சோளக்காட்டான்:

பாபு, ரோயிங் பிள்ளைகளுக்காகத்தான் என்றால், அதே வாலிபால், சாக்கர் பிள்ளைகளை வார நடுவில் நாட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறக்க விடுவதை என்னவென்று சொல்வது? ஃபுட்பால் அணிக்கு வருடத்தில் ஓரிரு நீண்ட பயணம், தனி விமானம். மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு போகிறது. ஃபுட்பாலுக்கு மட்டும் தனிக் கான்ஃபரன்ஸ், மற்றவர்களுக்குப் பக்கத்து ஊர் கான்ஃபரன்ஸ் என்று வைத்தால் யாருக்கு நஷ்டம்?

செல்விக்கு வருகிறேன். 2014-ல் தவறு செய்தது பிளே-ஆஃப் அணிகளை எடுக்கும் தேர்வுக் குழு, அட்டவணை அல்ல. சரியான பரீட்சை எழுதியவனுக்கு மதிப்பெண் போடத் தெரியவில்லை என்பதற்காகப் பரீட்சையையே எடுத்துவிடுவதா?

2025 ஏ.சி.சி.யைப் பாருங்கள். வர்ஜீனியா 7-1 என்று முதலிடம். இரண்டாம் இடத்தில் 6-2 என்று ஐந்து பேர்: டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், பிட், எஸ்.எம்.யூ. 17 அணிகள் என்பதால் இவர்களில் பலர் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. கடைசியில், ஆடிய எதிரிகளின் வெற்றி விகிதத்தைக் கூட்டிக் கழித்து டியூக்கை இறுதிக்கு அனுப்பினார்கள். மொத்தத்தில் 7-5 எடுத்த அணி. டியூக் ஜெயித்தது, கோப்பையை வாங்கியது. அந்தப் பிள்ளைகள் கிடைத்த வாய்ப்பில் நன்றாக ஆடினார்கள், அவர்கள்மேல் குறை இல்லை. ஆனால் சாம்பியனுக்கு பிளே-ஆஃபில் இடமில்லை. 10-2 எடுத்து இறுதிக்கே வராத மயாமிக்கு இடம் உண்டு, அது தேசிய இறுதி வரைக்கும் போனது. பிளே-ஆஃப் குழுவே ஏ.சி.சி. பட்டத்தை நம்பவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே வருடம் பிக் டென்னில் இந்தியானாவும் ஒஹையோ ஸ்டேட்டும் ஆளுக்கு 12-0. டிசம்பர் வரை இருவரும் மோதவில்லை. நல்லவேளை, இருவர் மட்டும் தோற்காமல் இருந்தார்கள், இறுதியில் இந்தியானா 13-10 என்று தீர்த்துவைத்தது. மூன்று பேர் தோற்காமல் நின்றிருந்தால்?

ஆஸ்டின் செல்வி:

இந்தியானாவை நீங்கள் உங்கள் பக்கத்துக்கு இழுக்க முடியாது அண்ணே. பழைய கிழக்கு டிவிஷனில் ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் நால்வரையும் வருடா வருடம் சந்தித்து அடி வாங்கிய அணி அது. டிவிஷனை எடுத்தார்கள், மூச்சு விட இடம் கிடைத்தது. 2024-ல் 11-1. எளிய அட்டவணை என்று எல்லாரும் ஏளனம் பேசினார்கள். அடுத்த வருடமே தேசியப் பட்டம். கதவு திறந்திருந்தால்தான் இப்படி ஒரு அணி எழும்பும்.

கணக்கன்:

செல்வி சொன்னதில் பாதி சரி. 2024-ல் அட்டவணை இந்தியானாவுக்கு உதவியது. 2025 பட்டத்தை அட்டவணை தரவில்லை. பிளே-ஆஃபில் அலபாமா, ஆரிகன், மயாமி என்று எல்லாரையும் தாண்டினார்கள்.

2014 பற்றி அண்ணன் சொன்னதை நான் ஏற்கிறேன். பிரச்சினை மதிப்பிடுவதில்தான்.

ஆனால் நான் முன்பு எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். 16-க்குக் கணக்கு அழகாக உட்காருகிறது என்றேன். எஸ்.இ.சி.யின் மூவர் பட்டியலை மறுபடி படித்தேன். அலபாமாவும் எல்.எஸ்.யூ.வும் 1964 முதல் ஆண்டு தவறாமல் மோதியவர்கள். ஒருவர் பட்டியலில் மற்றவர் இல்லை. இனி நான்கு வருடத்தில் இரண்டு தடவை. சுழற்சி அழகாக இருக்கிறது, அதற்காக ஒரு ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இது அண்ணனின் 1998 மாதிரியேதான்.

பிக் டென் அங்கே கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டியது. எல்லாருக்கும் சமமாக மூன்று என்று வைக்காமல், தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் நிரந்தர எதிரி. மொத்தம் 12 ஜோடிகள். அயோவாவுக்கு மூன்று, பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுமே இல்லை. சமம் இல்லை, ஆனால் யாருக்கு எது உயிர் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள்.

சோளக்காட்டான்:

கணக்கன், இதைத்தான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றேன், எனக்கு எண்ணில் சொல்லத் தெரியவில்லை. பங்கிடும் விதத்தில்தான் கோளாறு என்று நீங்கள் முதலில் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். 1996-ல் ஒரு வரி விதி எழுதியிருந்தால் எங்கள் ஆட்டம் பிழைத்திருக்கும். இத்தனை வருடமாக டெக்சாஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். செல்வி, அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 18-க்கு மேல் ஒரு அணியைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

ஆஸ்டின் செல்வி:

நான் 20 வந்தாலும் பயப்பட மாட்டேன், நிரந்தர எதிரிகள் மூவர் எழுத்தில் இருக்கும் வரைக்கும். அது இல்லாவிட்டால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

புல்மன் ரவி:

எழுத்தில் இருப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். ஆப்பிள் கோப்பை ஒப்பந்தம் 2028 வரைதான் எழுத்தில் இருக்கிறது. 2026 சியாட்டில், 2027 இங்கே, 2028 மறுபடி சியாட்டில். அதற்குமேல் கையெழுத்து இல்லை. பிக் டென் பத்தாவது கான்ஃபரன்ஸ் ஆட்டம் என்று ஆரம்பித்தால் எங்களுக்கு ஒதுக்க அவர்களிடம் ஒரு சனிக்கிழமை மிஞ்சுமா தெரியவில்லை.

சோளக்காட்டான்:

ரவி, 2027 புல்மன் ஆட்டத்துக்கு நான் வருகிறேன். என் மகளையும் அழைத்து வருகிறேன். அவள் சியாட்டிலில்தான் படிக்கிறாள், உங்களுக்கு எதிர்க்கட்சி, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

புல்மன் ரவி:

டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். ஊரில் ஹோட்டல் கிடைக்காது, வீட்டில் தங்கிக்கொள்ளலாம். மகளை வாஷிங்டனின் ஊதா நிறச் சட்டையிலேயே வரச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி பாபு:

இன்னும் இரண்டு இடம் இருக்குமா ரவி? என் பையனுக்கு அந்தக் கோதுமை வயலைக் காட்ட வேண்டும்.